ஓம் என்று சொன்ன மெதடிஸ்தன்

மகன் நோர்வேக்குப் போன பிறகு கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறை சும்மா கிடந்தது. அரசாங்கக் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று நானும் சும்மா இருந்தேன். இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க மனைவிக்குப் பொறுக்கவில்லை. அறையை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுவோமா என்று கேட்டாள். "ஓம்" என்றேன். யாழ்ப்பாணத்தில் கல்யாணமான ஆண்பிள்ளைக்கு வேறு பதில் கிடையாது.

முதலில் வந்தவர் யோகாசனம் கற்பிக்கும் ஒரு ஜேர்மன் பெண்மணி. இந்திய ஆச்சிரமங்களில் தேடிய அமைதி கிடைக்காமல் எங்களிடம் வந்திருந்தார். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு, வெறும் மேலோடு, வெள்ளைச் சாரத்துடன் முற்றத்தில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் கொடிகாமத்து மைத்துனர். அவர் கதைக்கத் தொடங்கினால் கேட்பவருக்கு ஒரே வேலைதான். "ஓம்... ஓம்... ஓமோம்... ஓ...ம்." வெயில் முகத்தில் அடித்ததால் கண்ணை மூடியிருந்தேன். பெண்மணி மாடியிலிருந்து அதை வீடியோ எடுத்து உலகத்துக்கே அனுப்பிவிட்டார். போன் மற்றப் பக்கக் காதில் இருந்ததால் படத்தில் விழவில்லை.

"இந்த ஓமை எவ்வளவு காலமாகச் சொல்லுகிறீர்கள்?" என்று பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்.

"கதைக்கத் தொடங்கின நாளிலிருந்து" என்றேன். கைகூப்பிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே நோர்வேயிலிருந்து மகன் போனில் கூப்பிட்டான். அந்த ஊர்ப் பாஷையில் 'ஓம்' என்றால் 'என்றால்' என்று அர்த்தமாம். "அப்பப்பா ஏன் என்றால், என்றால் எண்டுகொண்டே நிக்கிறார்? என்றால், என்ன?" என்று பேத்தி அழாக்குறையாகக் கேட்கிறாளாம். அடுத்தது பாரிசிலிருந்து தங்கச்சி. அவளுடைய மருமகன் பிரெஞ்சுக்காரன். அவர்களுக்கு அது ஆண்பிள்ளையைக் குறிக்கும் சொல்லாம். ஒரு கிழவர் வெயிலில் நின்று "ஆம்பிளை, ஆம்பிளை" என்று ஏன் தனக்குத்தானே சொல்லுகிறார் என்று அவன் விசாரித்தானாம்.

"தனக்குத்தானே சொன்னால்தான் உண்டு" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டு அண்ணை சைவர்; நாங்கள் பரம்பரையாக மெதடிஸ்த சபை. வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "எத்தினை தலைமுறைக்குப் பிறகு திரும்பி வந்திட்டியள்! வாற வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார். நான் இருமிக்கொண்டே உள்ளே போனேன்.

இதெல்லாவற்றையும் சமாளித்திருப்பேன். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. நடுவில் போதகர். பக்கத்தில் பெண்கள் ஐக்கியத்தை நடத்தும் ஓய்வுபெற்ற தலைமை ரீச்சர், கையில் அந்த வீடியோவோடு.

"இதிலை நிக்கிறது நீங்களோ?" என்று கேட்டார் ரீச்சர்.

"ஓம்."

"பாத்தியளே போதகர் ஐயா! ஆலயத்துக்குள்ளையும் சொல்லுறார்!"

"ரீச்சர், நாங்கள் 'ஆம்' எண்டதுக்குச் சொல்லுறதுதானே அது."

"எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலை பாக்கிற சனத்துக்குத் தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியுமெண்டால் பிறகேன் கூட்டம்?"

போதகர் தொண்டையைச் செருமினார். "உது தெரியிறது தெரியாததைப் பற்றினதில்லை. எங்கடை விசுவாசத்தின்ரை சாட்சியைப் பற்றினது."

சாட்சி என்ற சொல் வந்தபிறகு எங்கள் சபையில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆலய வளவுக்குள் எல்லாரும் இனி 'ஆம்' என்றே சொல்லவேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள்.

"எல்லாருக்கும் சம்மதமோ?" என்றார் போதகர்.

"ஓம்!" என்றது கமிட்டி. ரீச்சரின் குரல்தான் உரத்துக் கேட்டது. நான் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஒரு அசைவும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சிரிப்பும் வந்தது, மனதுக்குள் கொஞ்சம் நொந்தும் போனேன். அறுபது வயதுக்கு மேல் நாக்கைத் திருப்புவது லேசில்லை. பழகிப் பார்ப்போமென்று அடுத்த நாள் மீன் வாங்கப் போன இடத்தில் தொடங்கினேன்.

"ஐயா, விளைமீன் போடட்டோ?" என்றாள் மீன்காரி.

"ஆம்."

கத்தியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னையா, நாடகம் ஏதும் பழகுறியளோ?"

வீட்டுக்கு வந்து ஜேர்மன் பெண்மணியை இருத்தி, அது மந்திரமில்லை, 'யெஸ்' என்று அர்த்தம் என்று விளக்கினேன். "அப்படியென்றால் நீங்கள் பிரபஞ்சத்துக்கே சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள்!" என்றார். அதையும் வீடியோவின் கீழே எழுதிப் போட்டார். முன்பைவிடக் கூடுதலான சனம் பார்த்தது. அறை கேட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஆட்கள் எழுதினார்கள். மனைவி புதுத் திரைச்சீலை தைப்பித்தாள்.

அவர் புறப்படும் நாள் ஓட்டோ வாசலில் நின்றது. "அடுத்த வருடமும் வரலாமா?" என்று கேட்டார். நான் கவனமாக வாயை மூடிக்கொண்டு, எங்கள் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு கண்கலங்கிவிட்டார். மனைவிதான் குசினியில் அடுப்பை விட்டு ஓடிவந்து, "யெஸ், யெஸ்!" என்று அவரைக் கட்டிப்பிடித்து ஓட்டோவில் ஏற்றினாள்.