ரிக்கைப் பிடித்து வைத்த ஊர்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் எங்கள் ரிக் வண்டியையும் அதில் போன நான்கு பேரையும் ஊர்க்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று திருச்செங்கோடு ஆபீசுக்கு ஒருவர் வந்து சொன்னார். எண்பதுகளின் தொடக்கம். போர்வெல் கம்பெனியில் நான் சூப்பர்வைசராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மறுநாள் காலை அந்த வண்டி எங்கள் முதலாளியின் சம்பந்தி தோட்டத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நான் வேலையை மறந்துவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். நாமக்கல் பக்கம் ஒரு வறண்ட ஊர். குடிதண்ணீருக்கு அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடக்கிறவர்கள். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டத்துக்குப் பாயிண்ட் பார்ப்பவர், மாரியம்மன் கோயில் வேம்பின் அடியில் இடம் குறித்திருந்தார். அங்கே வண்டியின் மாஸ்ட் கம்பத்தைத் தூக்கினால் கிளை இடிக்கும். அம்மன் மரத்தில் யார் கை வைப்பது? எங்கள் ஆட்கள் யாரையும் கேட்காமல் வண்டியைத் தள்ளி நிறுத்திப் போர் போட்டார்கள். தண்ணீர் இல்லை, வெறும் கல்தூள் புகைதான் வந்தது. குறித்த இடத்தில் மறுபடி போட்டால்தான் விடுவோம் என்று பாவாயி என்ற அம்மாள் வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடிபட்டுக் கிடப்பார்கள் என்று பதறிக்கொண்டு போனேன். நான்கு பேரும் கோயில் பந்தலில் சம்மணம் போட்டு, நெய் ஊற்றிய அரிசிம்பருப்புச் சோற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிளம்பச் சொன்னேன். துளை போடுகிற டிரில்லர் பழனிச்சாமி அசையவில்லை.

"இவங்க கேக்கறதுல என்னங்க தப்பு? தண்ணி காட்டாம நான் வண்டிய எடுக்க மாட்டனுங்க."

பிடித்து வைத்தவர்களுக்கே வக்காலத்து வாங்குகிறானே என்று எனக்கு எரிந்தது. பிறகுதான் விவரம் தெரிந்தது. கிளையை வெட்டலாமா என்று காலையில் அம்மனிடம் பூப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். வெட்டப்போகிற ஆள்தான் குளித்து ஈரத்துணியோடு நின்று வெள்ளை, சிவப்புப் பூப் பொட்டலங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். அதற்காக, நடந்து சுமந்து வந்த தண்ணீரில் ஒரு குடத்தைப் பழனிச்சாமி தலையில் ஊற்றியிருக்கிறார்கள். வெள்ளைப் பூ வந்து அம்மன் சம்மதித்துவிட்டாள். பழனிச்சாமி அந்தக் குடத்திலேயே அவர்கள் ஆளாகிவிட்டான்.

"சோறு தின்னுட்டுப் பேசுங்க சாமி" என்று பாவாயக்கா இலை போட்டார். முறைப்பாகத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் முறை நெய் ஊற்றியபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை.

கை கழுவுவதற்குள் முதலாளி ஒரு போலீஸ் ஏட்டோடு ஜீப்பில் வந்து இறங்கினார். உங்களைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று ஏட்டு என்னைத்தான் கேட்டார். பாவாயக்காவின் கை இடுப்புச் சாவிக்குப் போய் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"யாரும் புடிக்கலீங்க. வேல முடியல, அதான் இருக்கறோம்" என்றேன். என் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். சொன்னதும் மனம் லேசாகிவிட்டது.

முதலாளி பல்லைக் கடித்தார். ஏட்டு சிரித்துக்கொண்டே பந்தலில் உட்கார்ந்தார். தனியாக நிற்க முடியாமல் முதலாளியும் உட்கார, அவருக்கும் இலை விழுந்தது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"சம்பந்திகிட்ட நான் சொல்லிக்கறேன். கம்ப்ரஸர ஸ்டார்ட் பண்ணுங்கடா" என்றார்.

பழனிச்சாமி கிளையைக் கழித்தான். பொழுது சாய்வதற்குள் புகை ஈரமாகி, சேறாகி, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பாவாயக்கா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதன்பின் எந்த குரூப்பை அனுப்பினாலும், தண்ணீர் வரும்வரை, போர் போடக் கூப்பிட்ட பார்ட்டி வீட்டில் கை நனைக்காதீர்கள் என்று முதலாளி முன்னால் கண்டிப்பாகச் சொல்வேன். அவர் அந்தப்பக்கம் போனதும், சாப்பிட்டுவிட்டே ஆரம்பியுங்கள் என்பேன். பார்ட்டியின் ஆளாக மாறிவிட்ட டிரில்லர் தண்ணீர் வராமல் பாதியில் ராடைக் கழற்றி வேலையை விட்டு நான் பார்த்ததில்லை.