பீச்சாங்கைப் பக்கம் திரும்பாத வண்டி

பாம்பன் பக்கத்து அக்காள்மடம் சவேரியாருக்கு ஆடுகிற பொருள் எதுவும் ஆகாது. பதினெட்டு வருசம் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். படகில் கட்டிவைக்காத பொருள் கடலுக்குச் சொந்தம் என்பது அவர் கணக்கு. இடுப்பு விட்டுப்போய்க் கரையேறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மண்ணெண்ணெய் கேனை சன்னல் கம்பியோடு கட்டியிருந்தார். டி.வி. ரிமோட்டை மேசைக் காலோடு கட்டியிருந்தார். எல்லாம் வலை முடிகிற நைலான் நரம்பு. அவர் போட்ட முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும்.

“என்னையக் கட்டிப்போடாம விட்டுருக்காரே, அதுக்கே மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தணும்” என்பாள் அவர் மனைவி லீமாரோஸ்.

2008-இல் அவர் கீழக்கரையில் ஒரு பிக்கப் வாங்கினார். மூன்று கை மாறிய வண்டி. வாங்கிய மூன்றாம் வாரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. என்ஜின் படம் போட்ட விளக்கு என்று மற்றவர்கள் சொன்னார்கள். சவேரியார் கண்ணுக்கு அது ஆமையாகத்தான் தெரிந்தது. பேருக்கு ஏற்றாற்போல, அது எரிந்தால் வண்டி முப்பதுக்கு மேல் போகாது. நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டால்தான் பழைய வேகம் வரும்.

ராமநாதபுரத்தில் முத்துராமலிங்கம் என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவரிடம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி இருந்தது. அதன் வயரை வண்டியில் சொருகினால் கோளாறின் எண்ணைச் சொல்லும். 335 என்று சொன்னது. என்ஜின் சுற்றுவதை எண்ணுகிற சென்சாரில் சிக்கல் என்று அர்த்தமாம். சென்சாரை மாற்றி, எண்ணை அழித்து, வண்டியை ஓட்டிக் காட்டினார். ஆமை எரியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் எரிந்தது. மறுபடி போனார். மறுபடி 335. மறுபடி அழித்தார். ஆறு தடவை இப்படி.

“அண்ணே, எங்கிட்ட வந்தா ஒழுங்கா ஓடுது. ஒங்க வீட்டுக்குப் போனா மக்கர் பண்ணுது. வீட்டுல என்ன சொல்றீங்க அதுகிட்ட?”

“நல்ல வார்த்தைதான் தம்பி சொல்றேன்.”

உண்மையில் நல்ல வார்த்தைதான். அதோடு, மெக்கானிக்கிடம் போகும் ஒவ்வொரு தடவையும் முதல்நாளே என்ஜினைத் துடைத்து, உள்ளே தான் கட்டியிருந்த நரம்பையெல்லாம் அறுத்துச் சுத்தமாக்கிவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் வெளுத்த சட்டை போடுவதில்லையா, அதுபோல. திரும்பி வந்ததும் புது நரம்பால் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுவார்.

ஆறாவது தடவைக்குப் பிறகு அவர் மெக்கானிக்கை விட்டுவிட்டு ஆமையையே கவனிக்க ஆரம்பித்தார். பாம்பன் பாலத்து மேட்டில் எரியவில்லை. மழையில் எரியவில்லை. ஒரு மாதம் கழித்துப் பிடிபட்டது. வண்டி பீச்சாங்கைப் பக்கம் வெடுக்கென்று திரும்பினால் எரிகிறது. சோத்தாங்கைப் பக்கம் எத்தனை தடவை திருப்பினாலும் எரிவதில்லை. அன்றிலிருந்து சவேரியார் இடது பக்கம் திரும்புவதை விட்டுவிட்டார். இடது தெருவுக்குப் போகவேண்டுமானால் அதைத் தாண்டிப் போய், மூன்று தடவை வலது பக்கம் திரும்பி, அதே முக்கைக் குறுக்கே கடந்து அந்தத் தெருவுக்குள் போவார். இடது பக்கம் ரிவர்ஸில் போவதாக இருந்தால் வண்டி மெல்லத்தான் நகரும் என்பதால் ஆமை கண்டுகொள்ளாது.

இந்த நிலையில்தான் ராமநாதபுரம் நண்டுக் கம்பெனி, பாம்பனிலிருந்து தினம் நண்டு ஏற்ற ஒரு வண்டி தேடியது. சவேரியாருக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். நிரந்தர லோடு இல்லாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டார். பழைய படகில் அவர் இடத்தை இன்னும் வைத்திருந்தார்கள்; மாசக் கடைசிக்குள் திரும்பி வருவதாகச் சொல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். போனாலோ இடுப்பு தாங்காது. கம்பெனி மேனேஜர் பாக்கர் ஒருநாள் கூடவே வந்து ஓட்டத்தைப் பார்ப்பதாகச் சொன்னார்.

ராமநாதபுரம் வரை நேர் ரோடு. வம்பு ஊருக்குள் ஆரம்பித்தது.

“லெப்ட்ல போங்க” என்றார் பாக்கர்.

சவேரியார் தாண்டிப் போய் வலது பக்கம் திரும்பினார்.

“சவேரியாரு, நான் சொன்னது லெப்ட்டு.”

“அங்கன பள்ளம் பாய். நண்டு குலுங்கும்.”

“ஏன், நண்டு நிறைமாசமா இருக்கா?”

இன்னும் இரண்டு வலது. முக்கு டீக்கடைக்காரர், சற்றுமுன் போன அதே வண்டி குறுக்கே போவதைப் பார்த்து, கிளாசைக் கையில் வைத்தபடி வெளியே வந்தார். அடுத்த இடதுக்கும் அப்படியே. பாக்கர் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கம்பெனி வாசல் இடது பக்கம். சுற்றி வருவதற்கு அங்கே வேறு தெரு கிடையாது. சவேரியார் வாசலைத் தாண்டி நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்னால் வந்து, இறக்குகிற மேடையில் வண்டியின் பின்கதவு முட்டுகிற மாதிரி நிறுத்தினார். ஆமை எரியவில்லை. வேலை போச்சு என்று புனித அந்தோனியாரை நினைத்துக்கொண்டார்.

பாக்கர் இறங்கி மேடையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

“மத்தவனெல்லாம் மூஞ்சிய நீட்டிக்கிட்டு உள்ள வந்து, அப்புறம் அரைமணி நேரம் வண்டியத் திருப்புவான். நண்டு வெயில்ல வேகும். நீங்க வரும்போதே யோசிச்சு வாரீங்க. நாளைலருந்து லோடு ஒங்களுக்குத்தான்.”

பத்து நாள் கழித்து, பாலத்தில் எதிரே நிலைதடுமாறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்க, சவேரியார் இடது பக்கம் வெட்டவேண்டியதாயிற்று. ஆமை எரிந்தது. நண்டை ஊர்ந்துகொண்டே கொண்டுபோய் இறக்கிவிட்டு, துடைக்காமல் கொள்ளாமல் நேரே முத்துராமலிங்கத்திடம் ஓடினார். மெக்கானிக் பானெட்டைத் திறந்தார்.

“அண்ணே, இது என்ஜினா, மீன் வலையா?”

“ஆடக்கூடாதுன்னு கட்டுனேன்.”

“என்ஜின் ஆடத்தான் செய்யும். சென்சார் வயரை இப்பிடி இறுக்கிக் கட்டுனா? வண்டி லெப்ட்ல ஒடிக்கயில என்ஜின் ரைட் பக்கமா சாயுது, வயரு இழுபடுது, கரெண்டு விட்டுப்போகுது. ஆறு தடவ எங்கிட்ட ஏண்ணே காட்டல?”

“அசிங்கமா இருக்குமேன்னு அறுத்துட்டு வந்தேன் தம்பி.”

முத்துராமலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நரம்பை அறுத்து, வயரைத் தொய்வாக விட்டு, இனி பானெட்டைத் திறப்பதில்லை என்று சவேரியாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சவேரியார் ஊரிலிருந்த இடது திருப்பம் ஒவ்வொன்றிலும் திரும்பினார். கம்பெனி வாசலிலும் ஜம்மென்று முன்பக்கமாக நுழைந்தார்.

பாக்கர் ஓடி வந்தார். “ரிவர்ஸ், ரிவர்ஸ்! போர்டப் பாக்கலியா?”

வாசலில் பெயின்ட் காயாத புதுப் பலகை: எல்லா வண்டிகளும் பின்பக்கமாகவே உள்ளே வரவேண்டும்.

“பாய், நான் அன்னைக்கு ஏன் அப்பிடி வந்தேன்னா…”

“சத்தமாப் பேசாதீங்க” என்று பாக்கர் அவர் காதோரம் குனிந்தார். “மொதலாளிகிட்ட அது என் யோசனைன்னு சொல்லிட்டேன். போர்டு மாட்டுன மொத நாளே நீங்க மாறி வந்தா என் பொழப்பு என்னாகுறது, ஒங்க லோடு என்னாகுறது?”

சவேரியார் வண்டியை வெளியே எடுத்தார். வரிசையில் ஐந்து வண்டிகள் நின்றன. முதல் வண்டி டிரைவர் இன்னாசி கழுத்தைத் திருப்பித் திருப்பி நீவிக்கொண்டிருந்தார்.

“ஏலே, எந்தப் புண்ணியவான்லே இந்தச் சட்டத்தக் கண்டுபிடிச்சது?” என்றார் இன்னாசி.

“தெரியலியே மாப்ள” என்று சொல்லிவிட்டு, சவேரியார் கண்ணாடியைச் சரிசெய்து பின்னால் வரத் தொடங்கினார்.