மழை பெய்துவிட்ட ஆண்டு

நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கும் டெல்மர் ஷ்ரைனரின் நிலத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். அவன் தங்கை வெர்னா என்னோடு ஒரே பள்ளியில் படித்தவள். கன்று ஈனும் காலத்தில் பனியில் நின்று பசுவுக்குக் கைகொடுத்த பெண், வானிலை படிக்கப் போனாள். அப்பா செத்த பிறகு அவளைப் படிக்க வைத்தது டெல்மர்தான்.

பசிபிக் கடல் குளிர்ந்தால் எங்கள் குன்றுகளில் மழை பொய்க்கிறதா? வெர்னா வாழ்க்கை முழுக்க ஆராய்ந்தது இது ஒன்றைத்தான். நாளை மழை வருமா என்று சொல்வது அறிவியல், அடுத்த பருவத்தைச் சொல்வது ஜோசியம் என்று துறையில் சிரித்தார்கள். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல், பழைய மழை அளவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வசந்தத்தில் எங்கள் சர்ச் கூடத்துக்கு வந்து பேசினாள். கடல் இப்படிக் குளிர்ந்த ஆண்டுகளில் பத்துக்கு ஏழு வறட்சியில்தான் முடிந்திருக்கின்றன, இந்த ஆண்டும் அப்படித்தான் இருக்கிறது என்றாள். யாரோ பின்னாலிருந்து, மழை வருமா வராதா, அதை மட்டும் சொல்லு என்றார்கள். அப்படிச் சொல்ல முடியாது என்றாள். கூட்டம் காபி குடிக்க எழுந்துவிட்டது.

டெல்மர் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொண்டான். புல் காய்ந்த பிறகு விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும் என்று, தாய்ப்பசுக்களை முன்கூட்டியே ஏலத்துக்கு ஓட்டினான். அவன் அப்பா ஆயுள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சம் அது. அவன் மனைவி ஜாய்ஸ், பாதியையாவது வைத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினாள். அவன் கேட்கவில்லை.

மே கடைசியில் மழை பிடித்தது. ஜூனிலும் விடவில்லை. முழங்கால் உயரத்துக்குப் புல். எங்கள் கன்றுகள் எல்லாம் கொழுத்தன. டெல்மரின் நிலத்தில் தின்ன ஆளில்லாமல் புல் விதை கட்டி நின்றது. திரும்ப மாடு வாங்கலாம் என்றால், எல்லார் நிலத்திலும் அவ்வளவு புல் இருக்கும்போது யாரும் விற்கத் தயாராக இல்லை. ஊர் காபிக் கடையில் அவன் நுழைந்தாலே ஒருவன் ஆரம்பிப்பான்: "டெல்மர், தங்கச்சிக்கு ஒரு போன் போடுப்பா. இன்னிக்குப் புல் அறுத்துக் காய வைக்கலாமான்னு கேளு." நானும் சிரித்திருக்கிறேன்.

மாடில்லாமல் வருமானமும் நின்றுபோக, மறு ஆண்டு டெல்மர் நிலத்தை விற்றுவிட்டு, பக்கத்து ஊரில் அடுத்தவன் மாடுகளுக்குத் தீவனம் போடும் வேலைக்குப் போனான். சாமான் ஏற்றும் நாளில் வெர்னா வந்தாள். நான் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன்.

"நிச்சயம்னு நான் ஒருநாளும் சொல்லலையே அண்ணா," என்றாள்.

"சொல்லல. பத்துல ஏழுன்னுதான் சொன்னே. ஊருக்கு அது கணக்கு வெர்னா. எனக்கு, சொன்னது நீ. அவ்வளவுதான்." கட்டிலைக் கீழே வைத்தான். "உன்மேல கோவப்படக்கூட வழி வைக்காம சொல்லிட்டுப் போயிட்டே பாரு."



பிறகு வந்த ஆண்டுகளில் அவள் எச்சரித்த வறட்சிகள் பெரும்பாலும் வந்தன. வந்தபோது யாரும் முன்கூட்டி மாடு விற்றிருக்கவில்லை. என் மந்தையில் பாதியை நானே எலும்பும் தோலுமாக ஏலத்தில் தள்ளினேன். அவள் முறையை மற்ற பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொண்டன. பெரிய மாநாடு ஒன்றில் அவளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவளைப் பாராட்டிப் பேசிய விஞ்ஞானி அந்த மழை ஆண்டைத் திரையில் காட்டினாராம். பத்தில் ஏழு என்றால் மூன்று முறை தவற வேண்டும், தவறாவிட்டால்தான் முறையில் கோளாறு, இந்த ஆண்டு பெய்ததே முறை சரி என்பதற்குச் சாட்சி என்றாராம். அரங்கம் கைதட்டியதாம். "அவர் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல," என்று என்னிடம் சொல்லும்போது வெர்னாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டெல்மர் போன குளிர்காலத்தில் மாரடைப்பில் இறந்தான். அடக்கத்துக்குப் பிறகு சர்ச் கூடத்தில் சாப்பாடு. வெர்னா முட்டைக்கோசும் கறியும் அடைத்த ரொட்டிகளைச் சுட்டு எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணி, இத எங்க வைக்கட்டும்?" என்றாள்.

ஜாய்ஸ் பாத்திரத்தை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் மேஜைக் கடைசியில் வைத்துவிட்டு, வேறு யாரையோ உட்காரச் சொல்லப் போய்விட்டாள். வெர்னா கோட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காரை நோக்கி நடந்தாள். கூப்பிட யாரும் எழவில்லை.