போடில் அடித்த மணி

ஸ்டென்ஹவுன் துறைமுக ரயில் நிலையத்தில் மணி அடிக்கும் உரிமை நிலைய அதிகாரி ஒருவருக்குத்தான் உண்டு. போடில் கிரருப் அங்கே காத்திருப்புக் கூடத்தில் காப்பிக்கடை நடத்தியவள். மணிக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஒருநாள் அடித்தாள். நான் அந்த நிலையத்தில் பயணச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தவன். இன்றைக்கு உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன் என்றால் அதனால்தான்.

நிலையத்தைக் கட்டியது 1891இல். ரயிலை விட்டு இறங்குகிற பயணி தலை நனையாமல் கப்பல் ஏற வேண்டும் என்று அப்போது ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு ஆசை. அதனால் கட்டடத்தைக் கப்பல் துறையின் விளிம்பிலேயே எழுப்பிவிட்டார்கள். ஒரு கதவைத் திறந்தால் நடைமேடை, எதிர்க்கதவைத் திறந்தால் கப்பலின் ஏணி. நடுவில் கூடம். அதைச் சுற்றி என் பயணச்சீட்டு அறை, பெட்டிகளை வைத்துப்போகும் அறை, பெண்களுக்கு அடுப்போடு ஒரு அறை, மூலையில் போடிலின் கடை. இவ்வளவு வசதியான நிலையம் டென்மார்க்கிலேயே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். எங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

போடில் பதினாலு வயதில் மீன் உப்பிடும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள். உப்புநீரில் கை வெடித்து வெடித்து, இருபத்தாறு வயதில் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் மட்டும் கத்தி மாதிரி.

"விகோ, அந்தப் பக்கம் திரும்பி நில்லு. உன் மூஞ்சியப் பாத்தா பால் திரிஞ்சுபோகுது" என்பாள் என்னை. நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த பதினேழு வருஷமும் காலையில் இதுதான் எனக்குக் கிடைத்த வணக்கம்.

1963 பிப்ரவரியில் ஒரு காலை. முந்தின நாளிலிருந்தே மூடுபனி. நடைமேடையில் நின்றால் எதிரே நிற்கும் ரயில் தெரியாது. பத்து மணி இருபது நிமிட வண்டிக்கு வந்திருந்த பத்தொன்பது பேரும் குளிருக்குக் கூடத்துக்குள் அடைந்து கிடந்தார்கள். அக்கரையிலிருந்து வரும் கப்பலுக்கும் நேரமாகியிருந்தது. வெளியே அதன் ஊதல் கேட்டது. எப்போதும் கேட்பதுதானே என்று நான் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

போடில் கடையை விட்டு என் சன்னலுக்கு ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"விகோ, கோப்பை ஆடலை!"

"என்ன கோப்பை?"

"அலமாரியில இருக்கற கோப்பைடா! கப்பலை நிறுத்த இயந்திரத்தைப் பின்னால சுத்த விடுவாங்கல்ல, அப்பல்லாம் கலகலன்னு ஆடும். இன்னிக்கு ஆடவேயில்லை. சத்தம் மட்டும் கிட்ட வருது. அது நிக்கலைடா!"

எனக்குப் புரியவில்லை. அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "எல்லாரும் வெளிய போங்க! கப்பல் நிக்காம வருது!" என்று கத்தினாள்.

கூடத்து அடுப்போரம் உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்த ஒரு மாட்டு வியாபாரி சிரித்தான். "காப்பில என்னம்மா கலந்து குடிச்சே? எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்து."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைக்கப்போவதில்லை.

போடில் ஒரு கணம் நின்றாள். பிறகு நடைமேடைக் கதவோரம் தொங்கிய பித்தளை மணியை ஆணியோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். "பத்து இருபது கிளம்புது! கிளம்பிடுச்சு!" மணி விடாமல் அடித்தது. கப்பல் வருகிறது என்றபோது அசையாதவர்கள், ரயில் போகிறது என்றதும் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பெட்டியும் குடையும் முட்டி மோத, ரயில்காரர்களைத் திட்டிக்கொண்டே ஓடினார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அறைக் கதவைக்கூடச் சாத்தாமல் அவள் பின்னால் ஓடினேன். "போடில்! பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? குடு அதை!" அவள் கொடுக்கவில்லை. அடித்துக்கொண்டே நடைமேடையில் ஓடினாள். கடைசியில் அவளுடைய சட்டைக்கையை எட்டிப் பிடித்தேன்.

அப்போது என் காலடியில் தரை எழும்பித் தாழ்ந்தது.

இடி போல ஒரு சத்தத்தை நீங்கள் கற்பனை செய்துகொள்வீர்கள். முதலில் கேட்டது அதுவல்ல. பழைய துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போலத்தான் இருந்தது. அப்புறம்தான் ஓடுகள் சரிந்தன, சுவர் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் கூரைக்கும் மேலே, பனிக்குள், கறுப்பாக ஒரு இரும்பு மூக்கு நின்றது. அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் பயணச்சீட்டு அறை இருந்த இடத்தில் அறை இல்லை.

ரயில் நடத்துனர் ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது பேரும் இருந்தார்கள். மாட்டு வியாபாரி வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை, அப்படியே நின்றான். பின்னால் தெரிந்தது, கப்பலில் ஒரு மாலுமிக்குத் தோள்பட்டை முறிந்ததோடு சரி.

நிலைய அதிகாரி எபெசன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மணி அடிச்சது யாரு?"

"நான்தாங்க" என்றாள் போடில். "வேலைய விட்டு எடுத்துடுங்க."

அவர் அவளைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெட்டி தள்ளும் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். மணியைப் பிடித்திருந்த அவள் விரல்களை இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இயந்திரத்தைப் பின்னோக்கித் திருப்பும் கருவி இறுகிப்போயிருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். புதிய நிலையத்தை ஊருக்குள் தள்ளிக் கட்டினார்கள். கண்ணாடிக் கூடம், வெந்நீர்க் குழாய், கப்பல் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை, எல்லாம் வந்தன. அதற்கெல்லாம் முன்பே, அந்த அக்டோபரில், போடிலுக்குப் பதக்கம் கொடுக்க ஒரு விழா வைத்தார்கள். அவள் வரவில்லை. கடலே தெரியாத வீபோருக்கு, தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

பதக்கத்தை நான் கொண்டுபோனேன். அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. மெலிந்திருந்தாள். என் முகத்தை நேராகப் பார்க்காமல் மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள்.

"விகோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எல்லாரையும் வெளிய கொண்டுவந்தேன்னு ஊரே பேசுது. உன்னை நான் நினைக்கவே இல்லை."

"என்ன சொல்றே?"

"மணியை எடுத்தப்போ அந்தச் சனங்க ரயிலுக்கு ஓடுவாங்கன்னு தெரியும். நீ ரயிலேறப் போறவன் இல்லையே. உள்ளேயே உக்காந்திருப்பே. அது எனக்குத் தோணவே இல்லைடா. உன்கிட்டதான் வந்து முதல்ல சொன்னேன், அடுத்த நிமிஷமே உன்னை மறந்துட்டேன். நீ கோவத்துல வெளிய வந்தே, அவ்வளவுதான். நான் உன்னைக் காப்பாத்தலை."

பதினேழு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள், எட்டு மாதமாக இதைத் தின்று இதையே குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் சிரிச்சேனே போடில்" என்றேன் கடைசியில். "நீ கத்தினப்போ நானும்தான் சிரிச்சேன்."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும். பாத்தேன்" என்றாள்.

அக்கா கறுப்பு ரொட்டியும் ஊறப்போட்ட ஹெர்ரிங் மீனும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டோம். அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும். வீபோரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. 1981இல் அவள் இறக்கும் வரை என் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி அந்த வீட்டில்தான் கழிந்தது. அந்தக் காலையைப் பற்றி இரண்டு பேரும் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.