மெட்ரோவில் போன இத்தாலி

என் கணவர் என்னை இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போனது எண்பதுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதக் கடைசியில். அப்போது எங்கள் இருவரிடமும் கடவுச்சீட்டு இல்லை. அகதி வழக்கு முடியும்வரை கனடாவை விட்டு வெளியே கால் வைக்கவும் முடியாது. ஆகவே மெட்ரோவில் போனோம்.

அதற்கு முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடிந்த மாதமே அவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டார். மூன்று வருடம் மொன்றியலில் இருந்து கடிதம் எழுதினார். அது சும்மா கடிதமில்லை. பனி எப்படி விழுகிறது, பக்கத்து வீட்டுக்காரி நாயோடு எப்படிக் கதைக்கிறாள், அவித்த சோறு எப்படிக் குழைந்துபோனது என்று பக்கம் பக்கமாக எழுதுவார். அந்தக் கடிதங்களை நம்பித்தான் நானும் பல நாடு சுற்றி இங்கே வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால், கடிதம் எழுதிய மனிதரைக் காணவில்லை. "ம்" என்பார், "ஓம்" என்பார். மிஞ்சிப்போனால் "சாப்பிட்டீரோ?" என்று கேட்பார். அதையும் காதுக்குள் ரகசியம் சொல்வதுபோலக் கேட்பார்.

நாங்கள் இருந்த தொடர்மாடி வீட்டில் அவரோடு முன்பு ஒன்றாக இருந்த ஆண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். எங்களுக்காகச் சின்ன அறையை விட்டுக்கொடுத்து அவர்கள் ஹோலில் படுத்தார்கள். தங்கமான பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலை, இன்னொருவர் துறைமுகத்தில் விடியற்காலை வேலை. எந்த நேரமும் யாராவது ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்குவார். வீடு முழுக்க நுனிக்காலில்தான் நடக்க வேண்டும். சட்டியில் கரண்டி பட்டாலும் எனக்கு நெஞ்சு திக்கென்னும். வீட்டுக்குள் அப்படியென்றால் பரவாயில்லை. வெளியே பஸ்ஸிலும் பூங்காவிலும்கூட என் புருஷன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. என்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

டொரொன்டோவில் என் அண்ணன் இருந்தார். "கஷ்டமெண்டால் இஞ்சை வா, பிள்ளை" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பொறுமை போய், "நான் அண்ணையிட்டைப் போறன்" என்று இவரிடம் சொன்னேன். எவ்வளவு நாளைக்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "உம்மடை விருப்பம்" என்றார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? அடுத்த வாரமே போவது என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் வேலையால் வந்தவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "போக முதல் ஒருக்கா இத்தாலிக்குப் போவமோ?" என்றார். மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். இவர் சட்டி கழுவிய உணவகம் மொன்றியலில் இத்தாலியர்கள் செறிந்திருக்கும் பகுதியில் இருந்தது. கோடை விடுமுறைக்குக் கடையைப் பூட்டிவிட்டு முதலாளி குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போகிறார். கடைக்கு மேலே அவர் வீடு, பின்வளவில் தக்காளித் தோட்டம். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். மனுசியையும் கூட்டிக்கொண்டு வந்து தங்கு என்று சாவியைக் கொடுத்திருக்கிறார். ஆக, நான் டொரொன்டோவுக்குப் போக முதல், வெள்ளியில் இருந்து ஞாயிறுவரை தங்குமிடம் இலவசம். செலவு என்றால் மெட்ரோ காசும் வாய்க்கு ருசியாக ஏதாவது வாங்குவதும்தான்.

இத்தாலிக்குப் புறப்பட்ட நான் அரிசியும் மிளகாய்த்தூளும் துருவிய தேங்காய்ப்பூவும் கட்டிக்கொண்டு போனேன். அங்கே என்ன கிடைக்குமோ யார் கண்டது!

மெட்ரோ நிலையத்துப் படியால் ஏறி வெளியே வந்ததும் என் காதில் முதலில் விழுந்தது சத்தம். அப்பா, என்ன சத்தம்! மேல்மாடி பல்கனியில் நின்ற ஒருத்தி தெருவில் போனவனை ஏசினாள். அவன் நடுவீதியில் நின்று திருப்பி ஏசினான். பேந்து, ஏசி முடிந்த பிறகு, இருவரும் சிரித்துக்கொண்டார்கள். கடை வாசலில் கிழவர்கள் மேசையைத் தட்டித் தட்டிக் கதைத்தார்கள். பல நாளாக மூச்சை அடக்கி வைத்திருந்தவள் போல எனக்கு ஆசுவாசமாக இருந்தது. முதலாளி வீட்டுக் குசினியில் முதல் வேலையாக ஒரு சட்டியை வேண்டுமென்றே டமாரென்று வைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் சந்தைக்குப் போனோம். பூட்டுகிற நேரத்தில் போனால் மலிவு என்று இவருக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்துத் தக்காளி இன்னும் பழுக்கவில்லை. கன்றிய தக்காளி ஒரு பெட்டி, கத்தரிக்காய், காரமான சிவத்த மிளகாய் எல்லாம் கொள்ளை மலிவு. கடைக்காரன் ஒரு கட்டுப் பச்சை இலையைச் சும்மா தந்தான். மணந்து பார்த்தால் துளசி! தக்காளிக்குள் போட்டுச் சமைக்கச் சொல்கிறான். சாமிக்கு வைக்கிறதைச் சட்டிக்குள் போடுவார்களா என்று நான் அதைக் குவளையில் வைத்துச் சாமிப்படம் இல்லாத வீட்டில் ஒரு கும்பிடும் போட்டேன். பிறகு பூங்காவில் கிழவர்கள் பந்து உருட்டி விளையாடுவதை இருட்டும்வரை பார்த்தோம். ஒரு சதம் செலவில்லை. எந்தப் பந்து கிட்ட என்று அவர்கள் பிடித்த சண்டை ஒன்றே போதும். ஒரு சின்னக் கோப்பைக் கோப்பி வாங்கி இருவரும் பங்கு போட்டோம். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "ம்", "ஓம்" என்றபடியே வந்தார்.

ஞாயிறு காலை பக்கத்துத் தேவாலயத்துக்குப் போனோம். நாங்கள் சைவர்கள்தான். ஆனால் மாதா கோயிலைக் கண்டால் கும்பிடாமல் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஊர்ப் பழக்கத்தில், வாசற்படியில் ஒரு ஓரமாக என் செருப்பையும் அவருடைய சப்பாத்தையும் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். மற்றவர்கள் எல்லாரும் சப்பாத்தோடு உள்ளே போனதை நான் கவனித்தேன். மரியாதை தெரியாத சனம் என்று நினைத்தேன். கும்பிட்டு வெளியே வந்தால் படி வெறுமையாக இருக்கிறது.

என்னிடம் இருந்தது அந்த ஒரு செருப்பு. அவர் வேலைக்குப் போடுவதும் அந்தச் சப்பாத்துத்தான். வெயிலில் காய்ந்த படியில் கால் மாற்றி மாற்றி நின்றேன். இவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்துப் படியால் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். அங்கே ஏழைகளுக்கு உதவுவதற்காகப் பழைய உடுப்பு விற்கிற மேசைகள். கறுப்புச் சட்டை போட்ட ஒரு அம்மா எங்கள் செருப்பையும் சப்பாத்தையும் துடைத்து, விலைத்துண்டும் ஒட்டி வைத்திருக்கிறா! யாரோ தானமாக வைத்துவிட்டுப் போனார்கள் என்று எடுத்து வந்திருக்கிறா.

இது எங்களுடையது என்று இவர் கை காட்டிச் சொன்னார். அந்த அம்மா நம்பவில்லை, சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. அப்போதுதான் அது நடந்தது. என் புருஷன் இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கி, இத்தாலிய மொழியில், கூரை அதிரக் கத்தத் தொடங்கினார். குசினியில் சட்டி கழுவிக்கொண்டே பிடித்த மொழி. எங்கள் வெறுங்காலைக் காட்டினார், மேலே கோயிலைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாவும் கத்தினா. அவரும் விடவில்லை. கடைசியில் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்து, அவர் கன்னத்தைக் கிள்ளி, சப்பாத்தோடு ஒரு பை பிஸ்கற்றும் தந்து அனுப்பினா. இவரும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கலியாணத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

எனக்குப் பெருமை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். முன்பின் தெரியாத மனுசியோடு இவ்வளவு வாய், கட்டிய பெண்டாட்டியோடு ஒரு சொல் இல்லை! வீட்டுக்கு வந்து அவர் பின்வளவில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் போய் முன்னால் நின்றேன்.

"இவ்வளவு சத்தத்தையும் எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

அவர் முணுமுணுத்தார்.

"உரத்துச் சொல்லுங்கோ. இஞ்சை ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை."

அவர் அதைக் கேட்டுத் திகைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழாயைக் கீழே போட்டார். "மூண்டு வருசம் அந்த வீட்டிலை இருந்தனான். கதைச்சால் ஆராவது எழும்பிடுவாங்கள். பாவம், அவங்களுக்கு நித்திரைதானே ஒரு சுகம். பேந்து பேந்து எனக்கு வாய் வராமல் போட்டுது. உமக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கு. தொண்டை வரைக்கும் வருது, நிண்டிடுது."

கடிதத்தில் மட்டும் ஏன் அப்படிக் கொட்டினார் என்று அப்போது விளங்கியது. எழுதுவதற்குச் சத்தம் தேவையில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் விட மனமில்லை.

"அப்ப நான் போறன் எண்டேக்கை என்னத்துக்கு உம்மடை விருப்பம் எண்டனீங்கள்?"

"அந்த அறைக்குள்ளை உம்மைப் பிடிச்சு வைக்க எனக்கு என்ன உரிமை?"

"கேட்டுப் பார்க்கிற உரிமை இருக்குத்தானே."

பழக்கதோஷம், சுற்றியிருந்த ஜன்னல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போகாதையும்!" என்று கத்தினார். பக்கத்து வளவுப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. நான் கேட்டதைவிடக் கூடுதலான சத்தம்தான்.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கிழவர் தலையை நீட்டி ஏதோ கேட்டார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இத்தாலிய மொழியில் பதில் சொன்னார். கிழவர் தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"என்ன பிரச்சினை எண்டு கேட்டார். ஒண்டுமில்லை, என்ரை மனுசி போகேல்லை, என்னோடையே நிக்கிறா எண்டு சொன்னன்."

நான் இன்னும் பதிலே சொல்லவில்லை. ஆனாலும் கிழவரைக் கூப்பிட்டு அதைத் திருத்தச் சொல்லவும் இல்லை.