கூட்டாத வீடு

எங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளியூருக்குக் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை அம்மா விளக்குமாற்றைத் தொடமாட்டாள். இது அம்மா போட்ட சட்டம் இல்லை. ஏற்காட்டில் நாங்கள் குடியிருந்த காப்பி எஸ்டேட்டின் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். ஆள் படியிறங்கிய கையோடு வீட்டைக் கூட்டினால் ஆகாது. ஏன் ஆகாது என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, போய் வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

இதனால் யாருக்கும் பெரிய தொல்லை இருந்ததில்லை. எங்கள் ஆட்களுக்கு வெளியூர் என்றால் சேலம்தான். காலையில் எஸ்டேட் வளைவில் பஸ் ஏறினால், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்கள் எடுத்து, அடிவாரத்தில் ஒரு டீயைக் குடித்து, வெயில் ஏறுவதற்குள் சேலத்தில் இறங்கிவிடுவார்கள். அதே பஸ் மத்தியானம் மலையேறி வரும்போது கண்டக்டர் எங்கள் வளைவில் தலையை வெளியே நீட்டி, "உங்க ஆளை எறக்கி உட்டாச்சுங்க" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அது அவருடைய வேலை இல்லை. ஆனாலும் கண்டக்டர்கள் மாறினார்களே தவிர அந்தச் சத்தம் மாறவில்லை. அதைக் கேட்டதும் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்ட ஆரம்பித்துவிடுவாள்.

அத்தை சீமைக்குப் படிக்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. அங்கேயிருந்து மத்தியானம் திரும்பி வருகிற பஸ் கிடையாது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. சேலத்தில் நர்ஸ் படிப்பை முடித்து, அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, மேல்படிப்புக்கு இங்கிலாந்தில் இடம் வாங்கியிருந்தாள். எங்கள் லைனில் ஒருவரும் அதுவரை மெட்ராஸைக்கூடப் பார்த்ததில்லை. அத்தைக்கு இடம் கிடைத்த செய்தி வந்த வாரம், ஒண்டிக்கடை முக்கில் எங்கள் அப்பாவுக்கு மட்டும் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக் கொடுத்தார் என்று அப்பாவே வந்து சொன்னார். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது என்பது அந்த வயதில் என்னுடைய திடமான அபிப்பிராயம். அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அத்தைக்கு என் வயதுதான் இருக்குமாம். தாயில்லாத பிள்ளை. அம்மாதான் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினாளாம். இதெல்லாம் எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. நான் பார்த்தது சண்டையைத்தான். லீவுக்கு அத்தை வந்துவிட்டால் வெந்நீருக்குச் சண்டை, சோப்பை ஊறவிட்டதற்குச் சண்டை, படிக்கிறேன் என்று மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட்டதற்குச் சண்டை. கடைசியில் அம்மா, "நீ எப்பப் போறியோ அன்னிக்குத்தான் இந்த ஊடு உருப்படும்" என்று முடித்துவைப்பாள். அத்தையும் சளைத்தவள் இல்லை. "நான் போனா நீங்க யாரோடங்க அண்ணி சண்டை போடுவீங்க? செவுத்தோடயா?" என்பாள்.

ஆகவே அத்தை கிளம்புகிற நாள் அம்மாவுக்குப் பண்டிகையாக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். உண்மையான பண்டிகையும் நெருங்கிக்கொண்டிருந்தது. பொங்கலுக்குச் சில நாட்கள்தான் இருந்தன.

முந்தின நாள் பூராவும் மூட்டை கட்டினார்கள். எங்கள் வீடு ஒரே அறையும் ஓர் அடுப்படியும்தான். அதன் நடுவில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா உள்ளே வைப்பதை அத்தை வெளியே எடுப்பதும், அத்தை எடுத்ததை அம்மா மறுபடி திணிப்பதுமாகப் பொழுது போயிற்று. மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்று பிரிந்து கொட்டியது. பவுடர் டப்பா உருண்டு, போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு போட்டது. சேலையில் தைத்த நூலின் துண்டுகள், சணல் கயிற்றின் பிசிறுகள், பழைய பேப்பர் கிழிசல். காலையில் கிளம்பும் முன்பு அத்தை தலை வாரிக்கொண்டாள். அம்மா வைத்துவிட்ட டிசம்பர் பூவில் பாதி, அவசரத்தில் தரையில்தான் உதிர்ந்தது.

அப்பா மெட்ராஸ் வரைக்கும் கூடப் போனார். பஸ் வந்ததும் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "பத்திரமாப் போய்ட்டு வா கண்ணு" என்றாள். அம்மா அத்தையைக் கண்ணு என்று கூப்பிட்டு நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பெரியவர்கள் ஊருக்கு முன்னால் மரியாதைக்குச் செய்கிற காரியங்களில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் கண்டக்டர் வழக்கம்போலத் தலையை நீட்டி, அத்தையையும் அப்பாவையும் இறக்கிவிட்டதாகச் சத்தம் கொடுத்தார். நான் ஓடிப்போய் விளக்குமாற்றை எடுத்து வந்தேன். அம்மா அதை வாங்கி, இருந்த மூலையிலேயே திரும்பச் சாத்தினாள். "சேலத்துக்கா போயிருக்கா?" என்றாள்.

அப்பா திரும்பி வந்தபோது லைனே கூடிவிட்டது. விமானம் ஓடியது, எழும்பியது, மேகத்துக்குள் போனது என்று அவர் கையை வைத்துக்கொண்டு காட்டினார். மறுநாள் விடிகாலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுமாம், இந்நேரம் சேர்ந்தே இருக்கும் என்றும் சொன்னார். எல்லோரும் போனபிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அதான் போய்ச் சேந்திருக்குமே, ஊட்டைக் கூட்டுறதுதான?" என்றார்.

"ஏனுங்க, மேகத்துக்குள்ள போனதத்தான பாத்தீங்க? எறங்குனத யாரு பாத்தா?" என்றாள் அம்மா. எங்கள் ஊரில் மேகம் தினமும் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். அதற்குள் போன ஆட்டையே சாயங்காலம் வரை தேடியவர்கள் நாங்கள்.

அம்மா தனக்கென்று சில திருத்தங்கள் செய்துகொண்டாள். வாசலைக் கூட்டலாம், சாணி தெளிக்கலாம். வாசல் எல்லாருக்கும் பொது. நிலைப்படிக்கு உள்ளே மட்டும் விளக்குமாறு வரக்கூடாது. சமையல் நடக்கிற இடத்தில் குப்பையைக் கையால் பொறுக்கிக்கொள்ளலாம். இப்படியே நாட்கள் போயின. காப்பித் தோட்டத்துச் சேறு காலோடு வந்து காய்ந்து உதிர்ந்தது. விறகுச் செதில்கள் சேர்ந்தன. எறும்புகள் சர்க்கரை சிந்திய இடத்துக்குச் சாலை போட்டுக்கொண்டன. பக்கத்து வீட்டுக் கோழி, இது நம்ம இடம் என்று முடிவுசெய்து தினமும் உள்ளே வந்து கிளறியது. ராத்திரி பாய் விரிக்கும்போது அம்மா தரையைத் தட்டமாட்டாள். அத்தையின் பெட்டி இருந்த இடத்தில் மட்டும் பாயையும் போடமாட்டாள். நான் மிளகாய்த்தூள் பக்கம் படுத்துத் தும்மிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் பொங்கல் நெருங்கியது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எஸ்டேட்டில் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு கொடுப்பார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் கூரையில் வேப்பிலைக் காப்புக் கட்டுவதற்குள் எல்லா வீட்டையும் ஒட்டடை அடித்துக் கூட்டி வெள்ளையடித்துவிட வேண்டும். எஸ்டேட் மேனேஜரான துரை வந்து பார்ப்பார் என்பதால், கணக்கெழுதுகிற ரைட்டர் அதற்கு முன்பு தினமும் வந்து பார்ப்பார். லைன் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட, நடுவில் எங்கள் வீடு மட்டும் விழுந்த பல்லின் இடம் மாதிரி கறுப்பாக நின்றது. சுண்ணாம்பு பானையில் ஊறிக்கொண்டிருந்தது.

ரைட்டர் கெட்டவர் இல்லை. சுத்தத்தில் கொஞ்சம் பைத்தியம். எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, "ஏம்மா, நர்ஸம்மா ஊடா இது? துரை பாத்தா என்னைய இல்ல கேப்பாரு" என்றார். அம்மா, "நாத்தனா போய்ச் சேந்த சேதி வரட்டுங்கய்யா, ஒரே நாள்ல முடிச்சுப்புடறேன்" என்றாள். "சேதி வராட்டி?" என்று ரைட்டர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றாள். அப்பாவும் அதற்குமேல் வீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பயந்ததில் தப்பில்லை. அத்தை பிற்பாடு லீவில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. விடிகாலையில் இறங்கியிருக்க வேண்டிய விமானம், பனிமூட்டத்தால் வேறு ஏதோ ஊரில் இறங்கிவிட்டதாம். பனிமூட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவளைப் பனிமூட்டம் வந்து மறித்திருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க அங்கே உட்காரவைத்துப் பிறகு இறங்க வேண்டிய ஊரில் கொண்டுபோய் விட்டபோது, கூட்டிப்போக வந்திருந்த கல்லூரி ஆள் காத்துப் பார்த்துத் திரும்பிப் போயிருந்தார். அத்தை தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தபடி, கெட்டுப்போகாமல் மிச்சமிருந்த புளிச்சோற்றைத் தின்றாளாம். ஒரு பெரியவர் தரையைப் பெருக்கிக்கொண்டே வந்து, இவள் காலடிக்கு வந்ததும் நின்றாராம். இவள் இரண்டு காலையும் தூக்கிக்கொள்ள, கீழே பெருக்கிவிட்டுப் போனாராம். வரவேற்க ஒருத்தரும் இல்லை, குப்பையோடு குப்பையாக உட்கார்ந்திருந்தேன் என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

விசாரித்து விசாரித்துப் பஸ் ஏறி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். முந்தின நாள்தான் வேறொரு பெண் படிப்பை முடித்துக்கொண்டு அந்த அறையிலிருந்து கிளம்பிப் போயிருந்தாள். ஆனால் ஒரு தலைமுடிகூட இல்லாமல் அறை பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்ததும் அத்தைக்கு நெஞ்சு திக்கென்றதாம். போன கையோடு கூட்டிவிட்டார்களே, அந்தப் பெண் ஊர் போய்ச் சேர்ந்தாளோ இல்லையோ என்று. அப்போதுதான் எங்கள் வீடு எப்படிக் கிடக்கும் என்று அத்தைக்கு நினைவு வந்திருக்கிறது. வெளிநாட்டுக்குப் போன் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்க இரண்டு நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரைட்டர் ஆபீஸிலிருந்து லைனுக்கு ஓடியே வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஓடிவருகிற ஆளைக் கண்டதும் அம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து நின்றார்.

ரைட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் சொன்னாக் கேட்டியாம்மா?" என்றார். "இப்பப் பாரு, சீமை வரைக்கும் தெரிஞ்சு போச்சு. உன் நாத்தனாருதான் ஆபீஸுக்குப் போன் பண்ணுச்சு. ஒரே கொரகொரன்னு சத்தம். 'அண்ணிகிட்ட ஊட்டைக் கூட்டச் சொல்லுங்க, ஊட்டைக் கூட்டச் சொல்லுங்க'ன்னு அதையே சொல்லுச்சு. மானம் போவுதில்ல?"

"வேற ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"வேறென்ன வேணும்? அவ்வளவுதான். கட்டாயிருச்சு" என்றார் ரைட்டர். இவ்வளவு செலவு செய்து சீமையிலிருந்து ஒரு பெண் போன் போட்டு வீடு கூட்டச் சொல்லுகிறதென்றால், இந்த வீட்டின் லட்சணம் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும் என்பதை நாங்கள் உணர்வதற்காக, அவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அப்பா சிரித்துவிட்டார். ரைட்டருக்கு அது பிடிக்கவில்லை. துரை வருவதற்குள் வெள்ளையடித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்தாள். எடுத்துக்கொண்டு நேராகப் பெட்டி இருந்த இடத்துக்குப் போனாள். அங்கே பவுடர் கோடு அப்படியே இருந்தது. காய்ந்துபோன டிசம்பர் பூக்கள் கிடந்தன. அத்தை தலைவாரிச் சுருட்டிப் போட்ட முடிச்சுருள் ஒன்று, நூல் துண்டுகளோடு சேர்ந்து சுவரோரம் ஒதுங்கியிருந்தது. அம்மா குனிந்தாள். ஆனால் கூட்டவில்லை. விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இத்தனை நாள் குப்பையையும் ஒரே மத்தியானத்தில் தனி ஆளாகக் கூட்ட வேண்டுமென்றால் யாருக்குத்தான் அழுகை வராது? அப்பா ஒன்றும் செய்யாமல் வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவர்களுடைய விளக்குமாற்றை இரவல் வாங்கிவந்து, நானும் கூட்டித் தருகிறேன், அழவேண்டாம் என்று அம்மா முன்னால் நின்றேன்.

அம்மா என்னையும் விளக்குமாற்றையும் பார்த்தாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு முன்னைவிடப் பலமாக அழுதாள். குப்பை நான் நினைத்ததைவிட அதிகம் போலிருக்கிறது, இன்னொரு வீட்டிலும் போய் விளக்குமாறு கேட்டிருக்க வேண்டும் என்று அவள் தோளில் சாய்ந்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.