ஏக்கருக்கு ஒரு பழம்

லூசியின் பிளாஸ்டிக் பையில் பாமாயில் எடுக்கும் செம்பனைப் பழங்கள் பதினான்கு இருந்தன. ஏஞ்சலாவின் உள்ளங்கையில் மூன்று. அந்த மூன்றையும் அவள் இறுக்கிப் பிடித்த பிடியில் எண்ணெய் கசிந்து, விரலிடுக்கெல்லாம் ஆரஞ்சு நிறமாகியிருந்தது.

மலேசியாவின் லாயாங் லாயாங் ஊர்ச் சிறுதோட்டக்காரர் சங்கத்தில் ஓட்டுப் போடுவது அப்படித்தான். சீட்டும் இல்லை, கை தூக்குவதும் இல்லை. ஏக்கருக்கு ஒரு உதிரிப் பழம். தடுப்புக்குப் பின்னால், போட்டியிடுகிறவர்களுக்கு ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் வாளியில் போட்டுவிட்டு வர வேண்டும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே லோரி பிடித்த காலத்தில், அதிகக் குலை ஏற்றுகிறவர் பேச்சுக்கு அதிக மதிப்பு என்று யாரோ ஆரம்பித்து வைத்தது. அது தப்பு என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

ஏஞ்சலாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பெக்கோக் தோட்டத்து லயத்தில் பிறந்து, இருபத்தொரு வயதில் ஸ்டானிஸ்லாஸுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். மாமனார் இரண்டு மகன்களுக்கும் மூன்று மூன்று ஏக்கர் பிரித்துக் கொடுத்தார். ஏழு வருடம் கழித்து, கொழுந்தன் ரொனால்டின் மனைவியாக லூசி வந்தாள். சிங்கப்பூர் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவள். அவள் வந்த பிறகு அந்த வீட்டு மூன்று ஏக்கர் பதினான்கானது. தேவாலயத்தில் வாசகம் வாசிக்க அவளைக் கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் செய்த கேக்கைத்தான் முதலில் வெட்டினார்கள். ஏஞ்சலா ஒவ்வொன்றையும் சிரித்த முகத்தோடு விழுங்கினாள். விழுங்கியது எதுவும் செரிக்கவில்லை.

அவளுக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது. இடுப்பில் செருகிய கைப்பேசியில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டேதான் அவள் உதிரிப் பழம் பொறுக்குவாள். மலேசியா பிரிக்ஸ் கூட்டமைப்பில் பங்காளி நாடான செய்தியைச் சங்கத்துக்குக் கொண்டு வந்தவள் அவள்தான். உலக வங்கியிலும் பன்னாட்டு நாணய நிதியத்திலும் கோட்டா என்கிற பங்குக் கணக்கில் பணக்கார நாடுகளுக்கே ஓட்டு அதிகம், பாதி உலகம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் சொன்னவளும் அவள்தான். இப்போது அதைத் திருத்தச் சொல்லி வளரும் நாடுகளின் விவசாயிகள் ஜொகூர் பாருவில் கூடுகிறார்கள். சங்கத்திலிருந்து ஒருவர் மேடையேறிப் பேசலாம். அந்த ஒருவர் நான்தான் என்று ஏஞ்சலா நம்பினாள். செம்பனை மரங்களுக்கு முன்னால் நின்று மூன்று வாரம் பேசிப் பழகியிருந்தாள். ஆனால் சிலர் லூசியின் பெயரையும் முன்மொழிந்துவிட்டார்கள்.

தலைவர் சபாபதி இரண்டு வாளிகளையும் எண்ணி முடித்தார்.

"லூசிக்கு அறுபத்தெட்டுப் பழம். ஏஞ்சலாவுக்கு முப்பத்தொம்பது. லூசிதான் போறாங்க."

கைதட்டல் அடங்குவதற்குள் லூசி பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "அக்கா, அந்த கோட்டான்னா என்னான்னு எனக்கு இன்னொரு வாட்டி சொல்லிக் குடுங்கக்கா. அங்க போயி ஒளறிடக் கூடாது லா."

ஏஞ்சலா அந்தக் கையை விலக்கினாள். அவள் எழுந்து நின்றாள்.

"தலைவரே, ஜொகூர் பாரு கூட்டத்துக்குன்னு நம்ம கையெழுத்துப் போட்ட கோரிக்கைய ஒரு தடவ சத்தமா படிங்க."

சபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "செல்வத்தின் அளவுக்கு ஓட்டு என்ற முறை ஒழிய வேண்டும். சிறிய நாடோ பெரிய நாடோ, எல்லாருடைய குரலும் சமமாகக் கேட்கப்பட வேண்டும்."

"இப்ப அந்த வாளியப் பாருங்க."

எல்லாரும் வாளிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு ஏக்கர் காளியம்மாதான் முதலில் சிரித்தாள். "அலமாக்! ஒலகத்துக்குப் புத்தி சொல்லப் போற லட்சணத்தப் பாரு!"

"அதுக்காக?" வீரமுத்து சீறினார். அவருக்குப் பதினெட்டு ஏக்கர். "லோரிய ரொப்புறது யாரு? நானும் ரெண்டு ஏக்கர்காரியும் ஒண்ணா?"

"பெரிய நாட்டுக்காரனும் இதத்தாண்ணே சொல்றான்," என்றாள் காளியம்மா. மண்டபமே வெடித்துச் சிரித்தது.

அப்போது லூசி எழுந்தாள். "அக்கா சொல்றது ஞாயம். நான் செயிச்சது செல்லாது. ஆளுக்கு ஒரு பழம்னு மறுபடி போடுவோம்."

எல்லாரும் லூசியை ஆகா என்று பார்த்தார்கள். கேள்வி கேட்டவள் ஒருத்தி, பெருந்தன்மைக்காரி என்று பெயர் வாங்கியவள் இன்னொருத்தி. ஏஞ்சலா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இந்த முறை புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. முப்பத்து மூன்று பேர் தடுப்புக்குப் பின்னால் போய் வந்தார்கள். சபாபதி இரண்டு முறை எண்ணினார். லூசிக்குப் பதினேழு, ஏஞ்சலாவுக்குப் பதினாறு.

ஏஞ்சலாவும் ஸ்டானிஸ்லாஸும் மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தார்கள். வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த புருஷனிடம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க பழம் எந்த வாளியில விழுந்துச்சு?"

ஸ்டானிஸ்லாஸ் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"லூசி வாளியில."

"என்னங்க சொல்றீங்க?"

"நீதானே ஆரம்பிச்ச. ஆளுக்கு ஒரு ஓட்டுன்னா என்னோடது எனக்குத்தானே. அங்க பத்து நாட்டுக்காரங்க வருவாங்க. இங்கிலீஷ்ல கேள்வி கேப்பாங்க. நீ தெகைச்சு நிப்ப ஏஞ்சலா. அத என்னால பாக்க முடியாது."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பழைய முறையிலேயே தோற்றிருந்தால், எல்லாம் ஏக்கர்க் கணக்கு செய்த வேலை என்று சொல்லிச் சாகும்வரை ஆறுதல் அடைந்திருக்கலாம். அந்த ஆறுதலைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டாள். முப்பத்து மூன்று வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுசனும் லூசியைத்தானா பொறுக்கி எடுக்க வேண்டும்? கண்ணீர் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

மறுநாள் சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு லூசி வந்து நின்றாள். கதவைச் சாத்திவிடலாமா என்று இருந்தது ஏஞ்சலாவுக்கு. சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

"அக்கா, நேத்து நீங்க வாளியக் காட்டிக் கேட்டீங்கள்ல, அத அப்படியே மேடையில சொல்லப் போறேன். ராத்திரி பூரா யோசிச்சேன். அதவிட நல்ல பேச்சு எங்கிட்ட இல்லக்கா."

தன் வயிற்றெரிச்சலில் பிறந்த ஒரே ஒரு கேள்வி. அதுவும் அந்த வாய் வழியாகவா உலகத்துக்குப் போக வேண்டும்?

"எப்படிச் சொல்லுவ? சொல்லிக் காட்டு."

லூசி தொண்டையைச் செருமினாள். "எங்க சங்கத்துல ஒருத்தங்க எந்திரிச்சுக் கேட்டாங்க..."

"ஒருத்தங்களா?"

லூசி நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் கண்கள் சிவந்து வீங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"எனக்குப் பேரு இருக்கு லூசி."

"தப்புதாங்கக்கா." லூசி அவசரமாக எழுதினாள். "லாயாங் லாயாங், திருமதி ஸ்டானிஸ்லாஸ். சரியா?"

ஏஞ்சலா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் புருஷன் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"அவர் பேரு எதுக்கு? அத அடி. ஏஞ்சலா மட்டும் போதும்."

லூசி அடித்துவிட்டு எழுதினாள். பிறகு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "ஏஞ்சலா கேட்டாங்க."

"இன்னும் சத்தமா சொல்லு. பின்வரிசையில உக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கணும்."